பெயர் மாறிய பியானோ

இசைத்தட்டு விமர்சனம் படிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி. விமர்சகர் எதைக் கேட்டு எழுதுகிறார்? தட்டில் இருக்கும் வாசிப்பையா, அட்டையில் இருக்கும் பெயரையா? வாசிப்பைத்தான் என்று எல்லோரும் சொல்வோம். 2007 பிப்ரவரியில் இங்கிலாந்தில் அம்பலமான ஒரு விவகாரத்துக்குப் பிறகு, மேல்நாட்டு சங்கீத உலகத்தில் யாரும் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாமல் போயிற்று. ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் என்று அதற்குப் பெயர்.

நான் வங்கியில் பல வருடம் ஆய்வுப் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகுதான் மேல்நாட்டு சங்கீதத்தை நிதானமாகக் கேட்க ஆரம்பித்தேன். பதிவுகளைப் பற்றிய விமர்சனங்களையும் அப்போதுதான் படிக்கத் தொடங்கினேன். இந்த விவகாரத்தைப் படித்தபோது, சங்கீத ரசிகனை விட என்னுள் இருந்த பழைய ஆய்வாளன்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

முதலில் இசைத்தட்டு விமர்சனம் என்ற தொழில் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1913-இல் ஆர்தர் நிகிஷ், பெர்லின் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவை வைத்து பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை முழுவதுமாகப் பதிவு செய்தார். அரை மணி நேரச் சங்கீதம் எட்டுப் பக்கங்களில் துண்டு துண்டாக அடங்கியது. அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடத்துக்கு மேல் இடம் இல்லை. விலையோ சாதாரண மனிதன் கைக்கு எட்டாதது. கடையில் போய் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டு வாங்கவும் முடியாது. ஆகவே, எந்தத் தட்டை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று நம்பகமாகச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. 1923-இல் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி லண்டனில் 'கிராமபோன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது. 1925-இல் மின்சார முறைப் பதிவு வந்தது. 1948-இல் எல்.பி. தட்டு வந்தது. 1982-இல் சிடி வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய பதிவுகள் புது உருவில் மறுபடி வெளியாயின. விமர்சகர்களுக்கு வேலை குறையவே இல்லை.

இந்த வேலையில் இரண்டு வகை உண்டு. புதுப் பதிவை விமர்சிப்பது ஒன்று. ஒரே கான்செர்டோவை ஐம்பது பேர் வாசித்திருக்கிறார்கள், ஐம்பத்தோராவது ஆள் என்ன புதிதாகச் சொல்கிறார் என்று பார்ப்பது அது. இன்னொன்று, காப்பகத்திலிருந்து எடுத்து வெளியிடும் பழைய பதிவை விமர்சிப்பது. இதில் வாசிப்பைத் தவிர வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே இன்னார் வாசித்ததுதானா, எந்தத் தேதியில் எங்கே, தட்டு சரியான வேகத்தில் ஓட்டப்பட்டதா, இரைச்சலை நீக்குகிறேன் என்று சங்கீதத்தையும் சேர்த்து நீக்கிவிட்டார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், புதுப் பதிவு விமர்சனம் மதிப்பீடு. பழைய பதிவு விமர்சனம் தணிக்கையும் கூட.

பழைய பதிவுகளில் எவ்வளவு பெரிய நிறுவனமும் சறுக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். தினு லிப்பாட்டி என்ற ருமேனிய பியானோ மேதை 1950 டிசம்பரில், 33 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற பதிவுகள் மிகக் குறைவு. 1960-களில் இ.எம்.ஐ. நிறுவனம், லிப்பாட்டி வாசித்த ஷோபனின் முதல் பியானோ கான்செர்டோ கிடைத்துவிட்டது என்று சொல்லி ஒரு தட்டை வெளியிட்டது. உலகமே உருகிக் கேட்டது. சாகப்போகிற இளைஞனின் விரல்களில் மட்டுமே வரக்கூடிய கனிவு என்று பலரும் நினைத்தார்கள். 1981-இல்தான் தெரிந்தது, அது போலந்தைச் சேர்ந்த ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா என்ற அம்மையார் 1950-களின் தொடக்கத்தில் செய்த பதிவு என்று. அவர் உயிரோடு, நல்ல சுகத்தோடு இருந்தார். லிப்பாட்டி 1950-இல் ஸூரிக் நகரில் அதே கான்செர்டோவை வாசித்த உண்மையான பதிவு பிறகு கிடைத்து வெளியானது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒலிநாடாவை அடையாளம் காண்பதில் நேர்ந்த தவறு. ஆனாலும் ஏறக்குறைய பதினைந்து வருடம் எத்தனையோ கூர்மையான காதுகள் அதைக் கேட்டு, சந்தேகமில்லாமல் லிப்பாட்டி என்றே ரசித்தன.

இப்போது ஹாட்டோவுக்கு வருவோம்.

ஜாய்ஸ் ஹாட்டோ 1928-இல் லண்டனில் பிறந்தார். பியானோ கலைஞர். பெரிய நட்சத்திரம் இல்லை, ஆனால் மேடைகளில் வாசித்தார், தட்டுகளும் வெளியிட்டார். ஆர்னால்ட் பாக்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'சிம்பொனிக் வேரியேஷன்ஸ்' என்ற கடினமான படைப்பை 1970-இல் வெர்னன் ஹாண்ட்லி நடத்திய வாத்தியக் குழுவோடு பதிவு செய்தார். அதை அதுவரை அதிகம் பேர் தொட்டதில்லை. 1956-இல் அவர் வில்லியம் பேரிங்டன்-கூப் என்பவரை மணந்திருந்தார். அவர் இசைத்தட்டு வியாபாரி. மலிவு விலைத் தட்டுகள் வெளியிடும் சிறு நிறுவனங்களில் அவருக்கு நீண்ட அனுபவம். 1966-இல் வரி ஏய்ப்பு வழக்கில் ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றவர். அந்தக் காலத்து மலிவுத் தட்டு உலகத்தில், வாத்தியக் குழுவுக்கும் நடத்துனருக்கும் கற்பனைப் பெயர் வைத்து அச்சிடுவது சர்வ சாதாரணம் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

1970-களில் ஹாட்டோ மேடையை விட்டு விலகினார். உடல்நலம் காரணம் என்று சொல்லப்பட்டது. பிறகு அவரை உலகம் மறந்தே போயிற்று.

இருபது வருடத்துக்கும் மேலான மௌனத்துக்குப் பிறகு, கணவர் நடத்திய 'கான்செர்ட் ஆர்டிஸ்ட்' என்ற நிறுவனத்திலிருந்து ஹாட்டோ பெயரில் சிடிக்கள் வரத் தொடங்கின. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கும் மேல். பீத்தோவனின் சொனாட்டாக்கள் முழுவதும், மோட்சார்ட், ஷோபன், லிஸ்ட், ப்ரோகோஃபியேவ், மெஸ்ஸியான், ராக்மனினோவ் கான்செர்டோக்கள். இவை போதாதென்று, ஷோபனின் பயிற்சிப் பாடங்களை கொடோவ்ஸ்கி இன்னும் கடினமாக்கி எழுதியவையும் இருந்தன. இளம் வயதில் நல்ல தேகபலத்தோடு இருக்கும் கலைஞர்களே இதில் நாலில் ஒரு பங்கைத் தொட்டால் பெரிய விஷயம். எழுபது வயதைத் தாண்டிய, புற்றுநோயோடு போராடும் ஒரு பெண்மணி, வீட்டுக்கு அருகே கணவர் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாவற்றையும் வாசித்து முடித்ததாகச் செய்தி.

2003-க்குப் பிறகு இணையத்தில் பியானோ ரசிகர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் வாங்கினார். பிறகு விமர்சகர்கள் எழுதினார்கள். 2005-இல் அமெரிக்காவின் 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் ஒரு பெரிய கட்டுரை வந்தது. உயிரோடு இருக்கும் மாபெரும் பியானோ கலைஞர், ஆனால் கிட்டத்தட்ட யாருமே கேள்விப்படாதவர் என்ற பொருளில் அது அவரைப் புகழ்ந்தது. 'கிராமபோன்' பத்திரிகையும் பாராட்டியது. 2006 ஜூனில் ஹாட்டோ 77 வயதில் காலமானபோது, பிரிட்டன் தந்த மிகச் சிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர் என்று பெரிய நாளிதழ்கள் அஞ்சலி செலுத்தின.

கதை எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்! திறமை இருந்தும் உலகம் புறக்கணித்த பெண். நோய். விட்டுக்கொடுக்காத மன உறுதி. பக்கத்திலேயே நின்று ஒலிப்பதிவு செய்த அன்பான கணவர். கடைசியில் கிடைத்த அங்கீகாரம். இதைக் கேட்ட பிறகு அந்த சிடியைப் போட்டால் எந்தக் கல் மனசும் கரையும். நமக்கும் கரைந்திருக்கும்.

சந்தேகப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. இத்தனை விதமான இசையமைப்பாளர்களை ஒரே ஆள் இவ்வளவு வெவ்வேறு பாணியில் வாசிக்க முடியுமா என்று சிலர் கேட்டார்கள். கான்செர்டோ தட்டுகளில் வாத்தியக் குழுவின் பெயர் 'நேஷனல் பில்ஹார்மானிக்-சிம்பொனி', நடத்துனர் ரெனே கோலர் என்று இருந்தது. யார் இந்த கோலர் என்று தேடியவர்களுக்கு எந்த மேடையிலும், எந்த நிகழ்ச்சி நிரலிலும், எந்த வாத்தியக்காரரின் நினைவிலும் அப்படி ஒருவர் தட்டுப்படவில்லை. கேட்டபோது, நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பியவர் என்று ஒரு சோகமான வாழ்க்கை வரலாறு கிடைத்தது. அதற்கு மேல் துருவிக் கேட்க யாருக்கு மனசு வரும்? சந்தேகம் வலுத்தபோது ஒரு விமர்சகர், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று பகிரங்கமாகவே சவால் விட்டார். அப்போது யாராலும் கொண்டுவர முடியவில்லை.

ஆதாரம் ஒரு கணினிக்குள்ளிருந்து வந்தது.

2007 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு ரசிகர், ஹாட்டோவின் சிடி ஒன்றைக் கணினியில் போட்டார். லிஸ்டின் பன்னிரண்டு 'டிரான்சென்டென்டல்' பயிற்சிகள் அடங்கிய சிடி அது. ஐட்யூன்ஸ் மென்பொருள் வழக்கம்போல இணையத்திலிருந்து சிடியின் விவரத்தைத் தேடி எடுத்துக் காட்டியது. திரையில் ஹாட்டோ பெயர் இல்லை. ஹங்கேரியில் பிறந்த லாஸ்லோ சிமோன் என்பவரின் பெயர் இருந்தது. ஸ்வீடன் நாட்டு 'பிஸ்' நிறுவனம் வெளியிட்ட சிடி என்றது.

இது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தக் கணினி சங்கீதத்தைக் கேட்பதே இல்லை. ஒரு சிடியில் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்ற பட்டியல் முன்பகுதியில் பதிவாகியிருக்கும். ஒரு விநாடியை 75 கூறாகப் பிரித்து அந்த நீளத்தைக் குறிப்பார்கள். பன்னிரண்டு பகுதிகள் இருந்தால் பன்னிரண்டு நீளங்கள். இரண்டு வெவ்வேறு கலைஞர்கள் வாசித்த தட்டுகளில் இந்தப் பன்னிரண்டும் அத்தனை நெருக்கமாக ஒத்துப்போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் அந்த எண்களையே கைரேகை மாதிரி வைத்துக்கொண்டு, இது இன்ன தட்டு என்று தரவுத்தளம் சொல்லிவிடும். நாங்கள் பழைய நாளில் இரண்டு பேரேடுகளின் கூட்டுத்தொகை பைசா சுத்தமாக ஒன்றாக இருந்தால் எழுந்து நின்று பார்ப்போமே, அதே கணக்குத்தான்.

அந்த ரசிகர் நியூயார்க்கில் உள்ள விமர்சகர் ஜெட் டிஸ்லருக்கு எழுதினார். டிஸ்லரும் ஹாட்டோவைப் பாராட்டி எழுதியவர்தான். அவர் இரண்டு சிடிக்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். ஒன்றுபோலவே இருந்தன. ஹாட்டோவின் ராக்மனினோவ் சிடியைக் கணினியில் போட்டார். யெஃபிம் ப்ரோன்ஃப்மன், எசா-பெக்கா சலோனென், பில்ஹார்மோனியா வாத்தியக் குழு என்று பதில் வந்தது. கற்பனை நடத்துனர் கோலர் யார் என்ற கேள்விக்கும் அத்துடன் விடை கிடைத்தது.

டிஸ்லர் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. 'கிராமபோன்' பத்திரிகைக்குச் சொன்னார். பத்திரிகை, ஆண்ட்ரூ ரோஸ் என்ற ஒலிப்பொறியாளரிடம் சிடிக்களைக் கொடுத்தது. அவர் பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து மறுவெளியீடு செய்யும் 'ப்ரிஸ்டின் ஆடியோ' நிறுவனத்தைச் சேர்ந்தவர். அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய ஒலியை அணு அணுவாகப் பார்த்துப் பழகிய கண். அவர் இரண்டு பதிவுகளின் அலைவடிவங்களையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார். லிஸ்ட் சிடியின் பன்னிரண்டில் பத்து, சிமோனுடையது. மனிதன் ஒரே பாடத்தைத் தானே மறுபடி வாசித்தாலும் அலைவடிவம் அப்படி ஒன்றின்மேல் ஒன்று படியாது. வேறு சில தட்டுகளில் திருட்டு இன்னும் நுட்பமாக இருந்தது. ஸ்தாயி மாறாமல் வேகத்தை மட்டும் கணினியால் கூட்டியோ குறைத்தோ இருந்தார்கள். இடது வலது ஓசைச் சமநிலையை மாற்றியிருந்தார்கள். கொடோவ்ஸ்கி பாடங்களில் பெரும்பகுதி கார்லோ கிராண்டே என்ற இத்தாலியருடையது. பிராம்ஸின் இரண்டாவது கான்செர்டோ விளாதிமிர் அஷ்கனாஸி, வியன்னா பில்ஹார்மானிக்கோடு வாசித்தது. பிப்ரவரி 15-ஆம் தேதி 'கிராமபோன்' இதை வெளியிட்டது.

இன்னொரு திசையிலிருந்தும் இதே உண்மை வந்துகொண்டிருந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் நிக்கலஸ் குக், கிரெய்க் சாப் என்ற இருவர் ஷோபனின் மஸூர்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பல கலைஞர்களின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு தாளத் தட்டும் எத்தனை நேரம் நீள்கிறது என்று அளந்து, யாருடைய வாசிப்பு யாருடையதை ஒத்திருக்கிறது என்று கணக்குப் போடுவது அவர்கள் வேலை. அதில் ஹாட்டோவின் பதிவும், பெல்கிரேடில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த யூஜின் இன்ட்ஜிக்கின் பதிவும் விபரீதமாக ஒத்துப்போயின. மோசடியைத் தேடிப் போனவர்கள் அல்ல அவர்கள். கணக்கு சரியாக இருந்ததுதான் அவர்களைச் சந்தேகப்பட வைத்தது.

பேரிங்டன்-கூப் முதலில் மறுத்தார். சில நாட்களில், 'பிஸ்' நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வான் பாருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன விளக்கம் இதுதான்: மனைவி உண்மையிலேயே வாசித்தார், ஆனால் வலி தாங்காமல் அவர் முனகியது பதிவில் கேட்டது, அந்த இடங்களை மறைக்க வேறொருவர் வாசிப்பிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து ஒட்டினேன், துண்டு வரவர நீண்டுகொண்டே போயிற்று. இதற்கு அவர் ஒரு பழைய முன்னுதாரணத்தையும் காட்டினார். 1952-இல் ஃபுர்ட்வெங்லர் நடத்திய வாக்னரின் 'டிரிஸ்டன்' பதிவில், கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் எட்ட முடியாத இரண்டு உச்ச ஸ்வரங்களை எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாடிக் கொடுத்தார். இது சங்கீத உலகம் அறிந்த விஷயம். அங்கே இரண்டு ஸ்வரம். இங்கே முழு சிடி. மனைவிக்கு எதுவும் தெரியாது என்றும் அவர் எழுதினார். அதை நம்பியவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. வான் பார் வழக்குப் போடவில்லை. பேரிங்டன்-கூப் 2014-இல் இறந்தார்.

இப்போது நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

இந்த விவகாரத்தில் பலரையும் சங்கடப்படுத்திய விஷயம் இது. ராக்மனினோவின் மூன்றாவது கான்செர்டோவை ப்ரோன்ஃப்மன் பெயரில் கேட்டபோது குறை சொல்லி எழுதிய விமர்சகர் ஒருவர், அதே ஒலியை ஹாட்டோ பெயரில் கேட்டபோது மனம் திறந்து பாராட்டியிருந்தார். ஒரே வாசிப்பு, ஒரே காது. மாறியது பெயரும் கதையும் மட்டும்.

இதை வைத்து, விமர்சகர்களெல்லாம் வேஷக்காரர்கள் என்று சிரித்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பியானோ என்பது எப்பேர்ப்பட்ட வாத்தியம் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டு என்றால் தொண்டையிலேயே ஆளின் முத்திரை இருக்கிறது. இரண்டு சங்கதி காதில் விழுந்தாலே இன்னார் என்று சொல்லிவிடலாம். பியானோவில் விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு சுத்தியல் நிற்கிறது. கமகம் கிடையாது. கலைஞரின் முத்திரை முழுவதும் வேகத்தில், அழுத்தத்தில், இடைவெளியில்தான். இதில் ஆளை அடையாளம் காண்பது தேர்ந்தவர்களுக்கும் கஷ்டம். அதிலும் நூறு தட்டுகளும் பல ஆட்களிடமிருந்து எடுத்தவை என்பதால், 'ஹாட்டோ பாணி' என்று ஒன்றை மனதில் நிறுத்தி ஒப்பிடவும் வழியில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தட்டுகளைப் புகழ்ந்தவர்கள் மட்டமான வாசிப்பைப் புகழவில்லை. சிமோனும் இன்ட்ஜிக்கும் கிராண்டேயும் உயர்ந்த கலைஞர்கள். காது தரத்தைச் சரியாகவே சொன்னது. ஆனால் அதே கலைஞர்கள் சொந்தப் பெயரில் வெளியிட்டபோது இந்த அளவு ஆரவாரம் இல்லை. அட்டையில் ஒரு சோகக் கதை இல்லாததுதான் அவர்கள் செய்த குற்றமோ என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு மனிதன் வருடக்கணக்கில் உட்கார்ந்து பயின்று வாசித்ததை இன்னொருவர் பெயரில் உலகம் கொண்டாடுகிறது, அது அவருக்கே தெரியாது. ஆரம்பத்தில் இதை யாரும் பாதிக்கப்படாத மோசடி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த இடத்தில் நான் அவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் எடுத்துவிட்டார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் ஜாய்ஸ் ஹாட்டோவையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவர் நிஜமாகவே வாசித்த பதிவுகள் உண்டு. 1970-இல் செய்த பாக்ஸ் பதிவு ஒரு கௌரவமான சாதனை. இன்று அதை யார் நேர்மையாகக் கேட்பார்கள்? மோசடி வெளிவந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தில் ஒரு புன்னகை வந்துவிடுகிறது. 2012-இல் பி.பி.சி. இந்தக் கதையை ஒரு தொலைக்காட்சிப் படமாகவும் எடுத்தது. மனைவிக்குப் புகழ் தேடித் தருகிறேன் என்று கிளம்பிய கணவர், அவருக்கு இருந்த சின்ன நல்ல பெயரையும் சேர்த்துக் கரைத்துவிட்டார்.

பழைய ஆய்வாளன் என்ற முறையில் எனக்குப் பட்டதையும் சொல்லி முடிக்கிறேன். வங்கியில் ஒரு வவுச்சரைப் பார்க்கும்போது, கொண்டுவந்தவர் எவ்வளவு நல்லவர் என்று நாங்கள் பார்க்க மாட்டோம். தேதி, கையெழுத்து, தொகை, எதிர்ப்பதிவு. இவை இருந்தால் போதும். நல்லவர் வவுச்சரும் கெட்டவர் வவுச்சரும் ஒரே சோதனைக்குத்தான் போகும். அதில் நல்லவருக்கு அவமானம் எதுவும் இல்லை, பாதுகாப்புத்தான்.

இசைத்தட்டுக்கும் இப்படி வவுச்சர்கள் உண்டு. எந்த ஊரில், எந்த அரங்கத்தில், எந்தத் தேதியில் பதிவானது? தயாரிப்பாளர் யார், ஒலிப்பொறியாளர் யார்? வாத்தியக் குழு என்றால், அது வேறு எங்காவது கச்சேரி செய்திருக்கிறதா? பழைய 78 தட்டுகளில் லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். பதிவு நிறுவனத்தின் பேரேட்டோடு அதை ஒப்பிட்டால் எந்த நாள் பதிவு, எத்தனையாவது முயற்சி என்று தெரிந்துவிடும். காப்பகப் பதிவுகளை விமர்சிக்கும் நல்ல விமர்சகர்கள் இந்த எண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது சிலருக்கு அலுப்பாக இருக்கலாம். சங்கீதத்தைப் பற்றி எழுதாமல் நம்பரைப் பற்றி எழுதுகிறாரே என்று தோன்றும். ஹாட்டோ கதையைப் படித்த பிறகு எனக்கு அந்த அலுப்பு வருவதில்லை. அவர்கள் அந்தக் கலைஞரின் பெயருக்குக் காவல் இருக்கிறார்கள்.

புதுப் பதிவுகளை விமர்சித்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. அது பழைய தட்டுக்குத்தான் வேண்டும், நேற்று பதிவானதற்கு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார், தொலைபேசியில் பேசுகிறார், கணவர் பணிவாகப் பதில் எழுதுகிறார், வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். கடைசியில் மோசடியைப் பிடித்ததில் பழைய தட்டுகளைச் சுத்தம் செய்பவரும், பழைய பதிவுகளை அளந்து பார்க்கும் ஆராய்ச்சியாளர்களும் இருந்தது தற்செயல் இல்லை.

லிஸ்ட் கேட்க விரும்புகிறவர்கள் லாஸ்லோ சிமோனின் அந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள். இணையத்தில் சிரமமில்லாமல் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஆனால் முடிந்ததும் கண்ணைத் திறந்து, வாசித்தவர் பெயரை ஒரு முறை படித்துவிடுங்கள்.